அத்தைக்குத் தெரியாத அக்கவுண்ட், ஜெராக்ஸ் கடைக்குத் தெரிந்த ஆதார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் படிப்பவர்கள், புதிதாக வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுடைய பெற்றோர்கள் என்று பலரும் சோஷியல் மீடியா பற்றியும் பிரைவசி பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் மறைக்கத் தெரியவில்லை" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்தவர்களிடமிருந்து மறைப்பதில் இருபது வயதுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். யாருக்கு எந்த ஸ்டேட்டஸ், யாருக்கு எந்தப் படம் என்று பார்த்துப் பார்த்துப் பிரிக்கிறார்கள். கோட்டை விடுவது தெரியாதவர்களிடம்தான்: போன் நம்பர், ஆதார் நகல், ஏதோ ஒரு ஆப் கேட்டதும் கொடுத்த அனுமதி. அதனால் பதில்களில் பாதி அந்தப் பக்கத்தைப் பற்றியே இருக்கும்.

இன்ஸ்டாவில் ரெண்டு அக்கவுண்ட் வைத்திருக்கிறேன். ஒன்று சொந்தக்காரர்களுக்கு, இன்னொன்று நண்பர்களுக்கு. இது ஏமாற்று வேலையா?

இல்லை. கல்யாண வீட்டில் பெரியப்பாவிடம் பேசுகிற மாதிரி ஹாஸ்டல் ரூமில் யாரும் பேசுவதில்லை, அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதும் இல்லை. மெயின் அக்கவுண்டில் பொங்கல் கோலம், பட்டமளிப்பு விழா, தம்பி பிறந்தநாள். இன்னொன்றில் அரியர் புலம்பல், டூர் படம், மனசு சரியில்லாத ராத்திரியில் எழுதியது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இவர்களைத் தவிர" என்ற பட்டியலில் அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் இருப்பதும் இதே கணக்குதான். தன்னைப் பற்றி யார் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை முடிவு செய்கிற உரிமை அவரவருக்கு உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னது. அது அரசாங்கத்தை எதிர்த்து வந்த வழக்கு, வீட்டு விவகாரம் இல்லை, உண்மைதான். ஆனால் அதன் அடியில் இருக்கிற எண்ணம் வீட்டுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ரெண்டாவது அக்கவுண்ட் பெயரே வேறு, படமும் இல்லை. அப்புறம் எப்படி மாமா கண்டுபிடித்தார்?

பெரும்பாலும் உங்கள் போன் நம்பர் வழியாக. அந்த அக்கவுண்டை அதே நம்பரில் திறந்திருப்பீர்கள், மாமா போனில் உங்கள் நம்பர் சேமித்து இருக்கும், அவர் இன்ஸ்டா போட்ட அன்றைக்கு "கான்டாக்ட்ஸைப் பார்க்கலாமா" என்று அது கேட்டதற்குச் சரி என்று அழுத்தியிருப்பார். அவ்வளவுதான், "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று உங்கள் ரகசிய அக்கவுண்ட் அவர் திரையில் வந்து நிற்கும். தனி மின்னஞ்சலில் திறந்து, நம்பரே கொடுக்காமல், உங்கள் பக்கத்திலும் கான்டாக்ட்ஸ் சிங்க் ஆவதை நிறுத்தி வைத்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபடும். இன்னொரு வழி பொது நண்பர்கள். உங்கள் தங்கையும் உங்கள் கிளாஸ்மேட்டும் ஃபாலோ செய்கிற பெயர் தெரியாத அக்கவுண்ட் யாருடையது என்று கண்டுபிடிக்க ஆப் எதுவும் தேவையில்லை.

க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸில் மட்டும் போட்டால் பத்திரம்தானே?

அந்தப் பட்டியலில் இருக்கும் கடைசி ஆள் எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு பத்திரம். ஸ்டோரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இன்ஸ்டா உங்களுக்குச் சொல்லாது. வாட்ஸ்அப்பில் "ஒரு முறை மட்டும் பார்க்க" என்று அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது, ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் பிடிப்பதை எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது. செமஸ்டருக்கு ஒரு தடவையாவது அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பேச்சுவார்த்தையே நின்று போன ஆட்கள் அதில் இன்னும் இருப்பார்கள்.

என் நம்பர் மட்டும் தெரிந்தால் ஒருத்தர் என்ன செய்துவிட முடியும்?

நிறைய. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் நம்பரை யாரோ ஒருவர் பணம் அனுப்புகிற ஆப்பில் போட்டுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்ப வேண்டியதில்லை, அனுப்புகிற பக்கம் வரை போனாலே போதும், வங்கியில் இருக்கும் உங்கள் முழுப்பெயர் அங்கே வந்துவிடும். நம் ஊரில் முழுப்பெயர் என்றால் இனிஷியலோ அப்பா பெயரோ சேர்ந்தே வரும். இன்ஸ்டாவில் பூவின் பெயரிலோ நிலாவின் பெயரிலோ ஒளிந்திருக்கும் ஒரு பெண்ணின் நிஜப்பெயர், அப்பா பெயருடன், இப்படி அரை நிமிடத்தில் கிடைக்கிறது. அதே நம்பரை வாட்ஸ்அப்பில் சேமித்தால், டிபி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தால், முகம் கிடைக்கும். ட்ரூகாலரில் போட்டால் மற்றவர்கள் உங்களை எப்படிச் சேமித்திருக்கிறார்களோ அது கிடைக்கலாம், சில சமயம் ஊர்ப்பெயரோ வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரோ ஒட்டிக்கொண்டு. பெயர், முகம், ஊர் மூன்றும் கையில் வந்தபின் மீதியைக் கூகுளில் தேடிக்கொள்ளலாம்.

இந்த நம்பரைத்தான் துணிக்கடை பில் கவுண்டரில், மாலில் நடக்கும் குலுக்கல் பெட்டியில், ரீசார்ஜ் கடை நோட்டில் யோசிக்காமல் கொடுக்கிறோம். ரீசார்ஜ் கடையில் நம்பர் கொடுத்துவிட்டு அதன்பிறகு ராத்திரியில் மிஸ்டு கால் வாங்கிய அனுபவம் நம்மில் பல பெண்களுக்கு உண்டு.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. யுபிஐ ஐடியில் உங்கள் நம்பரே முன்னால் நின்றால் ஆப்பின் அமைப்பில் (செட்டிங்ஸ்) போய் வேறு ஐடி உருவாக்குங்கள், பெரும்பாலான ஆப்கள் விடும். வாட்ஸ்அப்பில் டிபி, லாஸ்ட் சீன், அபௌட் மூன்றையும் "என் கான்டாக்ட்ஸ் மட்டும்" என்று மாற்றுங்கள். குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதையும் அப்படியே மாற்றுங்கள், ஏனென்றால் தெரியாத குரூப் ஒன்றில் சேர்க்கப்பட்ட அந்த நொடியே அங்கே இருக்கும் எல்லோருக்கும் உங்கள் நம்பர் போய்விடும். கடையில் நம்பர் கேட்டால் "வேண்டாம், பில் மட்டும் போதும்" என்று சொல்லலாம். நம்பர் இல்லாமல் பில் போட முடியாது என்பது அவர்கள் சொல்கிற கதை. அப்படியே சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசுத் தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்கிறோம். வேறு வழி இருக்கிறதா?

எனக்கு அதிகக் கவலை தருவது இந்தக் கேள்விதான், ஏனென்றால் இதை யாரும் பிரைவசி என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கல்லூரி வாசலில் இருக்கும் கடை எதற்குள்ளும் போய்ப் பாருங்கள். சுவரில் ஒரு வாட்ஸ்அப் நம்பர் ஒட்டியிருக்கும், "இதுக்கு அனுப்புங்க" என்பார் கடைக்காரர். கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். உங்களுக்கு முன்னால் நிற்கும் பையனின் மார்க்‌ஷீட், அதற்கு முன்னால் வந்த பெண்ணின் பாஸ்புக் முதல் பக்கம், யாரோ ஒருவரின் சாதிச் சான்றிதழ் எல்லாம் வரிசையாகத் தெரியும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் மாதக்கணக்கான கோப்புகள். கடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, பாவம் அவருக்கு அதைச் சுத்தம் செய்ய நேரம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேலைக்கு வருகிற எவரும், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிற எவரும் அதை அள்ளிக்கொண்டு போகலாம். உங்கள் ஆதாரும் போட்டோவும் கையெழுத்தும் ஒரே கோப்பில் இருந்தால் உங்கள் பெயரில் சிம் வாங்கவோ கடன் கேட்கவோ முயற்சி செய்ய அதுவே போதும்.

"எல்லோருக்கும் நீக்கு" என்பதை அழுத்தினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். அது சுமார் இரண்டரை நாளுக்குள்தான் வேலை செய்யும், அதற்குள் செய்தாலும் கடை கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஆனது அங்கேயேதான் இருக்கும். கேபிளில் போனைச் செருகிப் பிரிண்ட் எடுக்க முடிகிற கடை என்றால் அது பரவாயில்லை, ஆனால் போனை நீங்களே கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு கோப்பை மட்டும் எடுங்கள். ஆதாருக்கு முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலை ஆதார் தளத்திலேயே இறக்கலாம், பல இடங்களில் அதுவே போதும். கொடுக்கிற நகலின் மேல் எந்த வேலைக்கு, எந்தத் தேதி என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிரிண்ட் வந்ததும் "அண்ணா, அதை டெலீட் பண்ணிடுங்க" என்று சொல்லி, அவர் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிற வரை நில்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ரெண்டு பேர் கேட்டால் மூன்றாவது ஆளுக்குக் கேட்காமலே செய்துவிடுவார்.

வாட்ஸ்அப் என்கிரிப்டட்தானே, அப்புறம் என்ன பயம்?

2016 முதல் செய்திகள் அப்படித்தான் போகின்றன, நடுவில் யாரும் படிக்க முடியாது, வாட்ஸ்அப்பும் படிக்க முடியாது. ஆனால் யாரிடம் எப்போது பேசினீர்கள் என்ற விவரம் அதில் அடங்காது. கூகுள் டிரைவில் போகும் பேக்அப்பும், நீங்கள் தனியாகப் போய் என்கிரிப்ஷனை ஆன் செய்தால்தான் பூட்டப்படும். மற்றபடி செய்தி வெளியே போவது பெரும்பாலும் எதிரில் இருக்கிறவர் போனிலிருந்துதான்.

காதலிக்கிறவர் பாஸ்வேர்டு கேட்கிறார். கொடுக்கவில்லை என்றால் நம்பிக்கை இல்லையா என்கிறார்.

கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு மனசு இல்லை. உங்கள் அக்கவுண்டில் இருப்பது உங்கள் விஷயம் மட்டும் இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று உங்களிடம் அழுத தோழியின் விஷயமும் அதில் இருக்கிறது, அதைக் காட்ட உங்களுக்கு உரிமை இல்லை. "இதுல மத்தவங்க பேசினதும் இருக்கு, அதனால தர முடியாது" என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்கிறவர் புரிந்துகொள்வார். லைவ் லொகேஷனும் இப்படித்தான். ராத்திரி பஸ்ஸில் வரும்போது ஒரு மணி நேரத்துக்குப் போடுவது அக்கறை, நாள் முழுக்கப் போட வைத்து நடுவில் அணைந்தால் சண்டை போடுவது கண்காணிப்பு.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. "எங்கெல்லாம் லாகின் ஆகியிருக்கிறது" என்ற பட்டியலில் போய்த் தெரியாத போன்களை வெளியேற்றுங்கள், வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களைப் பாருங்கள், ரெண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள், மீட்பு மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று கடைசியாக உறுதி செய்யுங்கள். அந்தக் கடைசி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படத்தை வைத்து மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் இது: தப்பு உங்களுடையது இல்லை. படம் நீங்களே எடுத்து அனுப்பியதாக இருந்தாலும் சரி. ஒருவரிடம் நம்பிக் காட்டச் சம்மதித்தது, ஊருக்குப் பரப்பச் சம்மதித்தது ஆகாது. பெண்களின் படங்கள் விஷயத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு இதை விளக்கமாகவே சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66இ, 67, 67ஏ பிரிவுகள் ஆண், பெண் யாருக்கும் பொருந்தும், 67ஏ-வில் முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை.

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடியும் கேட்பான். பயத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. நம்பர், ஐடி, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள், அதன்பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள், சீக்கிரம் அழைத்தால் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் வழக்கு நடக்க வேண்டும் என்றால் பெயருடன் கொடுப்பதுதான் பலன் தரும்.

படம் வெளியே வரும் என்ற பயம் இருந்தால் ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசத் தளம் இருக்கிறது, 18 வயது நிரம்பியவர்களுக்கானது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்திலிருந்து ஒரு எண் வரிசையை உருவாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும், ஃபேஸ்புக், இன்ஸ்டா போன்றவை அந்த எண்ணோடு பொருந்துகிற படம் ஏறினால் பிடித்துவிடும். 18-க்குக் கீழே இருப்பவர்களுக்கு இதே மாதிரி டேக் இட் டவுன் என்று ஒன்று உண்டு. ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் அந்தந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் கொடுக்க வேண்டும். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இப்படிப்பட்ட படங்களை 24 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொன்னன, மார்ஃப் செய்த படங்களும் அதில் அடக்கம். 2025 ஜூலையில், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகள் பல தளங்களில் பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை அகற்ற நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் எப்படி நடத்துவார்களோ என்ற பயம் நியாயமானது. 2016-இல் சேலம் பக்கத்தில், மார்ஃப் செய்த படம் ஃபேஸ்புக்கில் வந்து, வீட்டார் புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமாகி, ஓர் இளம்பெண்ணை இழந்தோம். பொள்ளாச்சி வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரையே வெளியிட்டார்கள், அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதே பொள்ளாச்சி வழக்கில்தான், வீடியோவை வைத்து மிரட்டியே பெண்களை வாயடைத்துவிடலாம் என்று நினைத்த ஒன்பது பேருக்கும் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் சாகும்வரை சிறை கொடுத்தது. அந்தப் பெண்கள் தைரியமாக வந்து சாட்சி சொன்னதால் நடந்தது அது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துப் பேசுங்கள், ஒரு வழக்கறிஞரையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் ஒரு அம்மா. பிள்ளையின் போனை எடுத்துப் பார்க்கலாமா?

பதினெட்டு தாண்டியவர் என்றால் வேண்டாம். பார்த்தால் அடுத்த நாளே பாஸ்வேர்டு மாறும், மூன்றாவது அக்கவுண்ட் ஒன்று பிறக்கும், உங்களுக்கு எதுவும் தெரியாமல் போகும். மிரட்டுகிறவனின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் "உன் வீட்டில் சொல்லிடுவேன்" என்பதுதான். "என்ன நடந்திருந்தாலும் என்கிட்ட வா, திட்ட மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று இன்றைக்கே, எந்தப் பிரச்சனையும் இல்லாத ஒரு சாதாரண நாளில் சொல்லி வையுங்கள். படிப்பை நிறுத்துவேன் என்ற பயம்தான் பெண் பிள்ளைகளை அதிகம் வாய் மூட வைக்கிறது, அதனால் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு ஒரு லோன் ஆப் போட்டேன், கான்டாக்ட்ஸ், கேலரி எல்லாம் கேட்கிறது.

உடனே வெளியே வாருங்கள். கடன் ஆப்கள் கான்டாக்ட்ஸ், கால் பட்டியல், கேலரி ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, கூகுள் பிளேயும் 2023-இல் அதைத் தடை செய்தது. அப்படியும் ஒரு ஆப் கேட்கிறது என்றால் அது முறையான ஆப் இல்லை. ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்காக உங்கள் புரொஃபசர், சித்தி, பழைய முதலாளி எல்லோருக்கும் மார்ஃப் செய்த உங்கள் படம் போவது இந்த வழியாகத்தான். ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால் அமைப்பில் போய் அதைத் திரும்பப் பெறுங்கள், ஆப்பை எடுத்துவிடுங்கள், தெரிந்தவர்களிடம் "என் பெயரில் ஏதாவது வந்தால் நம்ப வேண்டாம்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மிரட்டல் வந்தால் மேலே சொன்ன அதே புகார் வழி.

வேலைக்கு எடுக்கிறவர்களும், வரன் பார்க்கிறவர்களும் நம் புரொஃபைலை நோண்டுவார்களாமே?

நோண்டுவார்கள். ஹெச்ஆர் லிங்க்ட்இன்னோடு நிற்கலாம், மாப்பிள்ளை வீட்டில் உங்கள் தோழியின் அண்ணன் திருமணப் படத்துக்குக் கீழே நீங்கள் போட்ட கமென்ட் வரை போவார்கள். பழைய பதிவுகளை அழிக்க மனசு வராவிட்டால் ஆர்க்கைவ் செய்யுங்கள், உங்களுக்கு மட்டும் தெரியும். டேக் செய்தால் நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே புரொஃபைலில் வரட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சாதி மாறிக் காதலிக்கிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு ஜோடிப் படம் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. யாருடைய படமாக இருந்தாலும் கேட்காமல் போடாதீர்கள், கல்லூரி டூர் குரூப் படமாக இருந்தாலும், நல்ல எண்ணத்தில் ஹார்ட் போட்டுப் போடுகிற வாழ்த்தாக இருந்தாலும். அவர்கள் யாருக்குச் சொல்லியிருக்கிறார்கள், யாருக்குச் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று காட்டும் லொகேஷன் டேக் இன்னும் ஆபத்து.

கம்பெனிகளிடமிருந்து நம் தகவலைக் காக்கச் சட்டம் இருக்கிறதா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும், தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம், விதிமீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, பெரும்பகுதி நடைமுறைக்கு வர கம்பெனிகளுக்கு 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு அதில் கொடுத்திருக்கும் விலக்குகள் அதிகம் என்பது என் கருத்து. இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது: போனில் எந்த ஆப்புக்கு மைக், லொகேஷன், கான்டாக்ட்ஸ் கொடுத்திருக்கிறீர்கள் என்று அமைப்பில் பாருங்கள். டார்ச் ஆப்புக்குக் கான்டாக்ட்ஸ் எதற்கு?

பழைய நம்பரை விட்டுவிட்டேன். ஏதாவது பிரச்சனை வருமா?

வரும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர், துண்டித்து 90 நாள் ஆனபின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். அந்த நம்பரில்தான் உங்கள் இன்ஸ்டாவும் மின்னஞ்சலும் வங்கியும் இருக்கின்றன என்றால், ஓடிபி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும். வாட்ஸ்அப்பில் "நம்பரை மாற்று" என்ற வசதியைப் பயன்படுத்துங்கள், வங்கி, ஆதார், ஜிமெயில், இன்ஸ்டா இந்த வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆதாரில் நம்பர் மாற்ற சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம், கூட்டம் இருக்கும், அதனால் அது முடிகிற வரை பழைய சிம்முக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.